சாவு நாயமா இர்க்கணும்

சாமுண்டீஸ்வரி எப்போதும் டி.வி.க்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். முன்னறையில் இரண்டு டி.வி., இரண்டிலும் வீடியோ கேம். ஆடுகிறவர்கள் பாயில், ஆடக் காத்திருக்கிறவர்கள் சுவரோரத்து மரபெஞ்சில். இவள் மட்டும் டி.வி. மேஜையின் காலில் சாய்ந்துகொண்டு, முகத்தைப் பெஞ்சுப் பக்கம் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். திரையில் என்ன நடக்கிறது என்று அவள் பார்க்க வேண்டியதில்லை. எதிரே இருக்கிற முகங்களே சொல்லிவிடும். பெஞ்சில் ஒருவன் பல்லைக் கடித்தால் பள்ளம் வருகிறது. எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டால் தாண்டிவிட்டான். "ப்ச்" என்று சத்தம் வந்தால் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டுவாள்.

"பூட்ச்சா? எய்ந்திரு. அடுத்தது யாரு?"

"யக்கா, இன்னும் சாவலக்கா..."

"உன் மூஞ்சி செத்துப் பூட்ச்சே. எய்ந்திரு, எய்ந்திரு."

திரும்பிப் பார்த்தால் அவன் செத்துத்தான் போயிருப்பான்.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரைத் தெருவில் அவள் வீட்டுக்குப் போர்டு கிடையாது. "வீடியோ கேம் ஊடு எங்க கீது?" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வாசலில் கிடக்கிற செருப்புகளே அடையாளம். பகல் ஷிப்டுக்குப் போகாதவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், டாங்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரர்கள், மத்தியான வேலை ஓய்ந்த பெண்கள் என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூட யூனிபார்மோடு எந்தப் பிள்ளையாவது தலையை நீட்டினால், "ஊட்டுக்குப் போயி சட்டய மாத்திகினு, ஆத்தாகிட்ட சொல்லிட்டு வா" என்று வாசலோடு திருப்பி அனுப்புவாள். நாளைக்கு ஏதாவது ஒரு அம்மா வந்து நடுத்தெருவில் நின்று கத்தினால், பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு உண்டு, நேரம் கிடையாது.

இதெல்லாம் அவள் கேட்டு வந்ததில்லை. புருஷன் கஜபதி எஸ்டேட்டில் பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் இருந்தான். தொண்ணூற்று மூன்றில் கம்பெனியை மூடினார்கள். கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பர்மா பஜாருக்குப் போனான். தையல் மெஷினோடு வருவான் என்று காத்திருந்தவளிடம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும் நாலு கேசட்டையும் நீட்டினான். ஒரு வாரம் சாமுண்டீஸ்வரி அவனுக்குச் சோறு போட்டாள், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் தெருவே வந்து முன்னறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. தண்ணி கேட்டார்கள், விசிறி கேட்டார்கள், ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சித் தரச் சொன்னாள். எட்டாம் நாள் காலையில் அவளே பேசினாள்.

"இவ்ளோ பேரு வந்து குந்தறாங்கன்னா சும்மா ஏன் குந்தணும்?"

மற்ற இடங்களில் அரை மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். இவள் உயிருக்கு இவ்வளவு என்று வாங்குகிறாள். ஆட்டம் ஆளுக்கு மூன்று உயிர் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. காசு கொடுத்த உயிரை ஒருவன் ஒரு நிமிஷத்தில் தொலைக்கலாம், மத்தியானம் முழுக்க வைத்திருக்கலாம், அது அவன் சாமர்த்தியம். கஜபதிகூட ஆரம்பத்தில் இதற்குத் தலையில் அடித்துக்கொண்டான்.

"டீக்கடைக்காரன் மணி பாத்தா துட்டு வாங்கறான்? கிளாசுக்குத்தான வாங்கறான்? மொல்லமா குடிச்சா உனுக்கு இன்னா?" என்றாள்.

நன்றாக ஆடி மேற்கொண்டு ஓர் உயிரைச் சம்பாதித்தால் அது ஆடியவனுக்கே சொந்தம், அதற்குக் காசு கேட்க மாட்டாள். நடுவில் கரண்ட் போய்விட்டால் அந்த உயிர் அவள் கணக்கு. அடுத்த நாள் வந்து ஆடிக்கொள்ளலாம். யாராவது தும்மிக் கவனம் சிதறிச் செத்தால்? "தும்முனவன்கிட்ட கேளு, எங்கிட்ட கேக்காத." இந்தச் சட்டமெல்லாம் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் பருத்திப்பட்டில் ரேஷன் கடைச் சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கிறது.

உயிருக்குக் காசு வாங்கப் போய்த்தான் அவளுக்கு ஆட்டங்களின் குணம் பிடிபட்டது. காட்டுக்குள் கத்தியோடு ஓடுகிற ஓர் ஆட்டம் இருந்தது. பார்க்க அழகு. மரமென்ன, அருவியென்ன. ஆனால் திரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து பாறை விழும். ஓடுகிறவன் நசுங்குவான். ஏன் செத்தான் என்று அவனுக்கும் தெரியாது, பெஞ்சுக்கும் தெரியாது. "இத்த உயிருன்னு கணக்குல சேக்காதக்கா" என்று ஒருவன் சொல்ல, "சேப்பா, கண்டிப்பா சேப்பா" என்று அடுத்து ஆட இருந்தவன் சொல்ல, இரண்டு பெரிய மனுஷர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமுண்டீஸ்வரி எழுந்து கேசட்டைப் பிடுங்கினாள். அதுமுதல் அது அடுப்படியில் ஆட்டம் கண்ட கிரைண்டர் காலுக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

டாங்கி தொழிற்சாலையில் பிட்டராக இருக்கும் குணசேகரனுக்கு அதில் வருத்தம். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். குவார்ட்டர்ஸுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மாறவில்லை, இவளை மைனி என்றுதான் கூப்பிடுவான்.

"நல்ல கேசட்டுலா மைனி. எதுக்கு எடுத்திய?"

"அது ஆளுக்குத் தெரியாம மண்டயில போடுதுப்பா. செத்தவன் 'ஐயோ, லேட்டா குதிச்சிட்டனே'ன்னு சொல்லணும். 'இன்னாடா ஆச்சு'ன்னு கேக்கக் கூடாது. சாவு நாயமா இர்க்கணும். அப்பதான் இன்னொரு தபா பாக்கெட்டுல கைய உடுவான்."

குணசேகரனுக்கு உயிரே டாங்கி ஆட்டம்தான். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு மைதானம், செங்கல் சுவர்கள், அடியில் ஒரு பறவைப் பொம்மை. எதிரி டாங்கிகள் வந்து அதைச் சுடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பருத்திப்பட்டு அதைக் கோழி என்கிறது. பகலெல்லாம் நிஜ டாங்கிக்கு போல்ட் முடுக்கிவிட்டு, சாயந்திரம் கை கால் கழுவி, திருநீறு வைத்துக்கொண்டு வந்து கோழியைக் காப்பாற்ற உட்காருவான்.

"நாங்க செய்யுத டாங்கி இப்படிலாம் திரும்பாது மைனி. இது என்ன, தட்டாமாலை சுத்துது!"

"நீங்க செய்யறது உன்ன மாதிரி திரும்பும். இது ஜல்தி. தோ பாரு, பேசிகினே கோழிய உட்டுட்ட."

குணசேகரன் தலையில் கை வைப்பான். "நாந்தான் சொவத்த ஒடச்சுட்டேன். எங் குண்டுதான் பட்டுட்டு." அதுதான் அவளுக்கு வேண்டியது. நாலு வருஷமாக அந்த மனுஷன் ஒரே கோழிக்காக வருகிறான், ஒருநாளும் ஆட்டத்தின்மேல் குறை சொன்னதில்லை.

மல்யுத்த கேசட்டு வந்தபோது ஊரே திரண்டது. தோளும் தொடையுமாக ஆட்கள். "மெய்யாலுமே மனுஷன் மாதிரியே கீது!" என்று வாயைப் பிளந்தார்கள். அடுத்த வருஷம் அதைவிட மனுஷன் மாதிரி வேறொன்று வந்தது. பழையதைப் போட்டால், "இன்னாக்கா, மைதா மாவைப் பிசைஞ்சு வச்ச மாதிரி கீறானுங்க" என்று சிரித்தார்கள். போன வருஷம் பிளந்த அதே வாய்தான். சாமுண்டீஸ்வரிக்கு இது புதிதில்லை. பட்டு மாதிரி இருக்கும் என்று வாங்கிய நைலக்ஸ் புடவைகள் எப்படி ஆயின என்று அவள் பெட்டியைத் திறந்தால் தெரியும். கட்டம் போட்ட பருத்திப் புடவை எதை மாதிரியும் இல்லை, அதனால் இன்னும் கட்டுகிறாள்.

"மனுஷன் மாதிரி வரைஞ்சா, அடுத்த வருஷம் இன்னொருத்தன் அத்தவிட மனுஷன் மாதிரி வரைவான். செங்கல்ல செங்கல்லா வரைஞ்சவன யாரு இன்னா பண்ண முடியும்?"

பாட்டு விஷயத்திலும் அவளுக்கு ஒரு கறார் உண்டு. நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறவள் காதுக்குப் பொறுக்க வேண்டும். கார் பந்தய ஆட்டம் அவளுக்கு மிக்ஸி ஓடுகிற மாதிரிதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அத்த அமத்துங்கடா, தலைல அரைக்குது" என்று கத்துவாள். தங்கம் தோண்டுகிற ஆட்டத்தின் பாட்டு மட்டும் மாவாட்டும்போது அவள் வாயிலேயே வரும். எந்த ராகம் என்று கேட்டால் அடி விழும்.

அவளுக்கு ஆட வராது. இதை அவளே சொல்வாள். ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தால் இடது பக்கம் போக உடம்பே இடது பக்கம் சாயும், குதிக்கப் பட்டனை அழுத்தினால் பாயிலிருந்து அரை அடி எழும்புவாள். டாங்கி ஆட்டத்தில் தன் கோழியைத் தானே சுட்டுக்கொண்டது தெருவெல்லாம் தெரியும். "சமைக்கத் தெரியாதவன் ஓட்டல் வைக்கல?" என்பாள்.

அவள் தப்பாகச் சொன்னதும் உண்டு. மேலிருந்து விழுகிற கட்டிகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிச் சுவர் எழுப்புகிற ஆட்டத்தைக் கஜபதி கொண்டுவந்தபோது, "செங்கல் அடுக்கறதுக்கு எவன் துட்டு குடுப்பான்? சித்தாள் வேலைக்குப் போனா அவங்க குடுப்பாங்க" என்று அதை அலமாரியில் தூக்கிப் போட்டாள். அதை எடுத்தவள் ஜமீலா. பின் தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள். தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தபோது பொழுதுபோகாமல் போட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இது நம்ம கட்டிங் மாதிரிக்கா. துணி கம்மியா கீது, பீஸ வீணாக்காம எங்க ஒட்டறதுன்னு பாக்கணும்."

அன்றைக்கு ஜமீலா எழுந்து போகும்போது அடுப்பில் அவள் வைத்துவிட்டு வந்த சோறு அடிப்பிடித்திருந்தது. மறுநாள் தெருப் பெண்கள் நாலு பேரோடு வந்தாள். அந்த ஆட்டத்தில் ஆள் இல்லை, கதை இல்லை, சண்டை இல்லை. ஆனால் பெஞ்சு மொத்தமும், "அத்தத் திருப்புடி... நெட்டுக்க உடுடி... அந்த சந்துல சொருவு" என்று கூடவே அடுக்கும். சுவர் உச்சியை முட்டினால் யாரையும் திட்ட முடியாது, அத்தனையும் தன் கையால் வைத்தது. சாமுண்டீஸ்வரி அலமாரியில் கேசட்டு கிடந்த இடத்தைத் துடைத்துவிட்டு, அதை டி.வி. மேலேயே வைத்தாள். தப்பை ஒத்துக்கொள்வது அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

தொண்ணூற்று எட்டில் ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, சி.டி. போட்டு ஆடுகிற புது மெஷின்கள். அதில் ஆள் திரையில் ஒட்டிக்கொண்டு இடமும் வலமும் ஓடவில்லை. உள்ளே நடந்து போகிறான், வீட்டைச் சுற்றி வருகிறான், திரும்பி நம்மைப் பார்க்கிறான். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கண்கூசினவர்கள் மாதிரி பேசினார்கள். சாமுண்டீஸ்வரி வீட்டுப் பெஞ்சு முதலில் பாதி காலியானது, பிறகு முக்கால். குணசேகரன் மட்டும் கோழிக்கு வந்தான். அரிசியும் மண்ணெண்ணெயும் அந்தப் பெஞ்சிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. கஜபதிக்கு ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் வேலை கூப்பிட்டால்தான் உண்டு.

அவன் ரிச்சி தெருவில் ஜெயராமன் என்கிற வியாபாரியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தான். பழைய பெட்டிகளையும் கேசட்டுகள் அத்தனையையும் கொடுத்துவிட வேண்டியது, மேலே கொஞ்சம் போட்டுப் புது மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஜெயராமன் வந்து கணக்கை முடிப்பான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள்.

"கேட்டா நீ இன்னா சொல்லுவ? பத்து நாளா அந்த பெஞ்சுல யாரு குந்தனாங்க, சொல்லு. பழசக் கட்டிகினு அய்வ சொல்றியா?"

பதில் இல்லாதபோது அவள் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். அன்றைக்கு அடுப்படியில் ஒரே சத்தம்.

புது மெஷின் வந்த முதல் நாள் முன்னறையில் நிற்க இடமில்லை. கோட்டை ஒன்று, கோட்டைக்கு முன்னால் ஓர் ஏரி, கத்தியோடு ஒரு வீரன். ஏரித் தண்ணீர் அலை அடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். சாமுண்டீஸ்வரியே முதல் தடவையாகத் திரும்பி உட்கார்ந்து பார்த்தாள், தண்ணீர் நிஜமாகவே நன்றாக இருந்தது. வழக்கப்படி உயிருக்குக் காசு என்றாள். அங்கேதான் வந்தது வினை.

எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஆனந்தன் என்று ஒருவன், எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கிற ஆள். கோட்டை வாசலைத் தாண்டினால்தான் எதிரி வருவான், வெளியே இருந்தால் யாரும் வர மாட்டார்கள் என்று கண்டுபிடித்தான். ஓர் உயிருக்குக் காசைக் கொடுத்துவிட்டு வீரனை ஏரிக்கரையில் நடக்க விட்டான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. சாப்பாட்டு வேளை போயிற்று.

"இன்னா ஆனந்தா, சாவ மாட்டியா?"

"வாக்கிங் போய்கினு கீறேன்க்கா. காத்து சோக்கா வருது."

"ஏரி ஊட்டுக்குப் பின்னால கீது. எய்ந்து அங்க போயி நட. அதுக்குத் துட்டுகூட இல்ல."

"அங்க நாறுதுக்கா. இது நீட்டா கீது."

டீ நேரத்துக்குப் பெஞ்சு தூங்கிவிட்டது. குணசேகரன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டான். ஜமீலா கொக்கி தைக்க எழுந்து போய்விட்டாள். மறுநாள் சாமுண்டீஸ்வரி சமையலறைக் கடிகாரத்தைக் கொண்டுவந்து டி.வி. மேல் வைத்து, அரை மணிக்கு இவ்வளவு என்று மாற்றினாள். சி.டி. சுழன்று திரை கறுப்பாக நிற்கிற நேரத்துக்கெல்லாம் காசு தர முடியாது என்று சண்டை வந்தது. ஆடுகிறவன் பாதி கண்ணைக் கடிகாரத்தில் வைத்திருந்தான். விட்ட இடத்திலிருந்து நாளைக்கு ஆடலாம் என்பதால் ஒருவனும் தப்புக்குப் பயப்படவில்லை. பெஞ்சுக்கோ, வீரன் எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்று ஒன்றும் விளங்கவில்லை. முதல் நாள் பார்க்காதவன் இரண்டாம் நாள் வந்து உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

காலேஜ் பையன்கள் இரண்டு பேர் மட்டும் தினம் வந்து லயித்து ஆடினார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை. "அது தனியா ஊட்ல கதவ சாத்திகினு ஆடறது. நல்லாத்தான் கீது. எம் பெஞ்சுக்கு ஆவாது" என்றாள் கஜபதியிடம்.

"நாளைக்கு எல்லாரும் அதான் ஆடுவாங்க."

"ஆடட்டும். அதுலயும் எது நிக்கும்னு பத்து வருஷம் போனாத்தான் தெரியும். நம்ம பழசு நின்னுட்ச்சு."

"நின்னுட்ச்சுன்னு நீ சொல்ற. உனுக்குப் பழகிப் பூட்ச்சு, அதான் பிடிக்குது. செங்கல் கேசட்டுக்கும்தான் அன்னிக்கு இன்னா சொன்ன?"

அது சுருக்கென்று தைத்தது. சொன்னது பொய்யில்லை. தனக்குப் பழகிப்போனது என்பதற்காக ஒரு வீட்டின் அடுப்பைப் பணயம் வைக்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் கேசட்டுகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மல்யுத்தம், கார், ஆளைச் சுடுகிறது, இன்னும் பெயர்கூட மறந்துபோனவை. எதையும் கொடுத்துவிடலாம். டாங்கி, செங்கல், தங்கம் தோண்டுகிறது, சந்துக்குள் குண்டு வைக்கிறது, சிங்கத்தின்மேல் உட்கார்ந்து நெருப்பு வளையம் தாண்டுகிற சர்க்கஸ். இந்த ஐந்தைத் தொட்டால்தான் கை கூசியது. யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் கலந்து அதே துணிப்பையில் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயராமன் ஸ்கூட்டரில் வந்தான். படிய வாரிய தலை, சிரித்த முகம். விஷயம் கேள்விப்பட்டு குணசேகரனும் ஜமீலாவும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கஜபதி வாசற்படியில் நின்றான். சாமுண்டீஸ்வரி ஜெயராமனுக்குக் காப்பி கொடுத்தாள்.

"பழசெல்லாம் செத்துப் போச்சும்மா. இனிமே இத யாரும் சீண்ட மாட்டாங்க. ஏதோ சார் கேட்டாரேன்னுதான் எடுத்துக்கறேன்" என்றான் ஜெயராமன்.

"மெய்தான் தம்பி. மொத்தமா எடுத்துகினு போயி குப்பைல போடுவியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"செரி. எதுனா உடைஞ்சி கீதான்னு ஒரு தபா பாத்துக்கோ. அப்பால வந்து என்னக் குத்தம் சொல்லக் கூடாது."

துணிப்பையை அவன் முன்னால் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டுக் கேசட்டுகளைப் பார்க்கவில்லை. மார்க்கெட்டில் கூடையைப் பார்க்கிறவள் இல்லை அவள். காய்க்காரன் எந்தத் தக்காளியைத் தன் தொடைக்குப் பக்கத்தில் ஒதுக்குகிறான் என்று பார்த்து அதைக் கேட்டு வாங்குகிறவள்.

ஜெயராமன் பேசிக்கொண்டே எடுத்தான். மல்யுத்தத்தை எடுத்துப் பார்க்காமலே எறிந்தான். கார் அதன்மேல் விழுந்தது. ஆளைச் சுடுகிறது, அதன்மேல். டாங்கி வந்ததும் பேச்சு ஒரு கணம் நின்றது. புரட்டி லேபிளைப் படித்தான், மடியில் வைத்துக்கொண்டான். மறுபடி இரண்டை எறிந்தான். சர்க்கஸ் மடிக்குப் போனது. குண்டு மடிக்குப் போனது. செங்கல்லை எடுத்தபோது விரலால் தூசியைத் துடைத்தான். கடைசியில் அடியில் கிடந்த தங்கம் தோண்டுகிறதைத் தேடி எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"எல்லாம் ஓகேம்மா."

"தம்பி, கீழ கீதே, அத்தன மட்டும் எடுத்துக்கோ. அதே விலை. மடியில வச்சிகினு கீறியே, அந்த அஞ்ச மட்டும் இங்கயே உட்டுட்டுப் போ."

ஜெயராமனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அதெப்படிம்மா? இது இல்லாம மத்தத வச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

"ஏன், எல்லாம் செத்தது தான? செத்ததுல இன்னா நல்ல பொணம், கெட்ட பொணம்?"

குணசேகரன் பெஞ்சில் சிரித்துக் குலுங்கினான். "மைனி, போட்டுட்டியளே ஒரு போடு!"

"யாராண்ட விப்ப, சும்மா சொல்லு. நான் போயி உன் யாவாரத்தக் கெடுக்கப் போறதில்ல" என்றாள்.

ஜெயராமன் கஜபதியைப் பார்த்தான், காப்பித் தம்ளரைப் பார்த்தான். "அரக்கோணத்துல ரெண்டு பேர், திருவள்ளூர்ல ஒருத்தர். புதுசு வாங்கி வச்சிருக்காங்க. ஆனா கூட்டம் இந்த அஞ்சாறத்தான் கேக்குதாம். இப்ப இது புதுசா எங்கயும் வர்றதில்லம்மா. கெடைக்கறது கஷ்டம்."

சாமுண்டீஸ்வரி ஜெயராமனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வாசற்படியில் நின்ற புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்குக் கொடுத்தவன் அவன். அவனை மீறி அந்தப் புது மெஷினில் கை வைக்க அவளுக்கு மனசில்லை. தோற்றவனை மேலும் கிள்ளுகிற மாதிரி ஒரு வார்த்தையும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய அதிசயம்.

கஜபதி தொண்டையைக் கனைத்தான். உள்ளே வந்து குனிந்து, புது மெஷினின் ஒயரைப் பிளக்கிலிருந்து உருவினான். மடித்து, சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்தான்.

"உன் மெஷினு இந்தா கீது, தம்பி. ஒரு கீறல் கூட இல்ல, பாத்துக்கோ. ஒரு வாரம் ஓட்டனதுக்கு இன்னா ஆவுதோ சொல்லு."

"சார், பேசினது ஒண்ணு, செய்யறது ஒண்ணா கீதே?"

"புடிக்கலன்னா திருப்பிக் குடுன்னு நீ தான சொன்ன? பெஞ்சுக்குப் புடிக்கல."

"பஸ் ஸ்டாண்டுக் கடைய எப்படி சமாளிப்பீங்க?"

கஜபதிக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது. பெஞ்சில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், மீதி இடம் காலியாகத்தான் கிடந்தது. ஜமீலா மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாயில் இறங்கி உட்கார்ந்தாள்.

சாமுண்டீஸ்வரி ஜெயராமனின் மடியிலிருந்து செங்கல் கேசட்டை எடுத்தாள். அதன் வாயை உதட்டருகே வைத்து, தூசி போக ஈர விறகை ஊதுகிற மாதிரி கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினாள். பிறகு பழைய பெட்டியில் செருகி, 'டக்'கென்று உட்காரும்வரை கட்டைவிரலால் அழுத்தினாள்.